வலது பக்கத்து ஆள்

காரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்ததும் கன்னியப்பன் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கண்ணாடிதான். மற்ற கண்ணாடிகள் எல்லாம் காய்ந்துபோய், தூசி படிந்து, வழக்கம்போல இருந்தன. வலது பக்கத்து முன்கதவில் மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்தால் வாய் வருகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. துண்டால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருக்க, அது கொஞ்சம் சுருங்கியது. பிறகு விரிந்தது.

மழைக்காலத்தில் கண்ணாடி வேர்க்காமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்ட பிறகும் அந்தக் கதவைத் திறக்க மனசு வரவில்லை.

அது ஒரு குட்டி ரெனோ. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த வருஷம், கப்பலேறிப் போன ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடம் கன்னியப்பனும் கரீமும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. கன்னியப்பன் வருவாய் அலுவலகத்தில் குமாஸ்தா. கரீம் கடிகாரம் பழுது பார்ப்பவன். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியைக் குளிப்பாட்டித் துடைத்து நிற்பதைப் பார்த்து, கன்னியப்பன் மனைவி கமலா அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி. இரைச்சலெல்லாம் பின்னாலேயே போய்விடும். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும்.

அந்த வண்டியில் ஒரே ஒரு சிக்கல். பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் ஓடச் செய்ததால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் சாலையில் இடது ஓரமாகப் போகிறபோது, முன்னால் ஒரு மாட்டு வண்டி வந்துவிட்டால் போதும், ஓட்டுகிறவனுக்கு எதிரில் ஒன்றும் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். வாத்தியார் சொல்லிக் கொடுத்தபோது போகலாம் என்பதற்கு ‘அலே’ என்பார். அது அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. வழி இருந்தால் கரீம் ‘அலே’ என்பான். இல்லாவிட்டால் ‘இரு’ என்பான். இந்த இரண்டு சொல்லையும் நம்பித்தான் அந்த வண்டி மூன்று வருஷம் ஓடியது.

போன மார்கழியில், திண்டிவனம் போகிற சாலையில், ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். கரீம் இரு என்றான். மறுபடியும் இரு என்றான். கன்னியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். எதிரில் வந்த லாரி வலது பக்கத்தை மட்டும் வழித்துக்கொண்டு போனது. இடது பக்கம் இருந்தவனுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

போலீஸ்காரர்கள் கேட்டபோது, கரீம்தான் அலே என்று சொன்னான் என்றான் கன்னியப்பன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க ஒரு வருஷமாக அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஜெயில் பயம், வேலை போய்விடும் என்கிற பயம். கேஸ் முடிந்தது. செத்தவன் தன் சாவுக்குத் தானே வழி சொன்னான் என்று ஊர் பேசிக்கொண்டது. வண்டியை விற்றால் சந்தேகப்படுவார்களோ என்று, வலது பக்கத்துக்குப் புதுக் கதவும் புது இருக்கையும் போட்டு, தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தான்.

திண்டிவனத்துத் தோப்பு ஒன்றில் வருஷம் ஒருமுறை சின்னக் கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். மெட்ராஸிலிருந்து பேபி ஆஸ்டின் வரும், கடலூரிலிருந்து மோரிஸ் வரும். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒவ்வொரு வண்டியையும் சுற்றிச் சுற்றி வந்து, குறை சொல்லி, பிரியாணி சாப்பிட்டுப் படுத்து, காலையில் வரிசையாக ஒரு சுற்றுப் போவார்கள். இந்த வருஷம் கரீமுக்கு அஞ்சலி செலுத்தவேண்டும், வண்டியோடு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு கரீமின் அண்ணன் அன்வருதீன் வந்து நின்றார். முல்லா வீதியில் தையல் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். தானும் வருவதாகச் சொன்னார். தம்பி உட்கார்ந்த இடத்தில் தான் உட்காரவேண்டும் என்றார். முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

நாலு மணி தாண்டிப் புறப்பட்டார்கள். மழை விட்டிருந்தது. வானம் மட்டும் விடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளை வீதிகளின் சுவர்களெல்லாம் ஊறிப் பாசி வாடை அடித்தன. அன்வருதீன் கதவைத் திறந்து உட்கார்ந்தபோது, மூடிக் கிடந்த வண்டிக்குள்ளிருந்து கிராம்பு வாசனை வந்தது. கரீம் பீடியை விட்ட நாளிலிருந்து வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பான். அந்த இருக்கையோ புதிது, அந்தக் கதவும் புதிது. அன்வருதீனுக்கு வாசனை தெரிந்ததாகத் தெரியவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாலையைப் பார்த்தார்.

கடைத்தெரு தாண்டியதும் ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அன்வருதீன் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு, தம்பியின் சொல்லைச் சொன்னார்.

“அலே.”

அந்தச் சொல்லுக்கு அடியில் இன்னொரு சொல் கேட்டது. மெல்ல. அதே இருக்கையிலிருந்து.

“இரு.”

கன்னியப்பன் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. என்ன தம்பி, வழி இருக்குதே என்றார் அன்வருதீன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு முந்திப் போனான். வழி இருக்கத்தான் செய்தது. எதிரில் ஒரு நாய்கூட இல்லை. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

லாஸ்பேட்டைக்குத் திரும்பும் முனையில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று போனது. அன்வருதீன் இந்தத் தடவை கொஞ்சம் பழகியவராக அலே என்றார். அவர் வாய் மூடிய பிறகும் அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சு அவருடையது, சீரானது. இன்னொன்று கிராம்பை ஒதுக்கிக்கொண்டு விடுகிற மூச்சு. இரு, என்றது. மிரட்டலாக இல்லை. அதுதான் கன்னியப்பனால் தாங்கமுடியவில்லை. கடிகாரத்துக்குள் ஊசியை வைத்துக்கொண்டு, கொஞ்சம் இருடா, அவசரப்படாதே என்பானே, அந்தக் குரல். மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அண்ணன்காரர் இருக்கிறார். யாரிடம் கேட்பது? ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது தடவை முந்துவதற்கு வண்டியே இல்லை. காலிச் சாலை. அன்வருதீன் வாயே திறக்கவில்லை.

“இரு.”

கோரிமேட்டு ஏற்றம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் சுங்கச் சாவடி கூரை போய், சுவரோடு நின்றது. அதற்கு எதிரில், சாலையின் வலப்பக்கம், பட்டை உரிந்த ஒரு புளியமரம். மணி அஞ்சுகூட ஆகவில்லை, அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் ஆரம்பித்தது.

“இங்கதானே?” என்றார் அன்வருதீன்.

கன்னியப்பன் வண்டியை இடது ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. ஈரத்தில் அணைத்தால் மறுபடி கிளம்பாது. அது பின்னால் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

அன்வருதீன் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார். பிறகு அவர் பேச ஆரம்பித்தபோது குரலில் கோபமே இல்லை. அன்று காலையில் கரீமுக்கும் அவன் பெண்டாட்டி ஜீனத்துன்னிசாவுக்கும் சண்டையாம். போய்த் தொலை என்று அவள் சொல்லிவிட்டாளாம். ஒரு வருஷமாக அதையே நினைத்து அரை வயிறு சாப்பாடுதானாம். வேண்டுமென்றே போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று ராத்திரியெல்லாம் கேட்கிறாளாம். அப்படிப் போனால் மார்க்கத்தில் அது எவ்வளவு பெரிய பாவம் என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைந்தது.

“இந்த சீட்ல ஒக்காந்து பாக்கணும்னுதான் வந்தேன். அவ்ளோ தூரம் தெரியுது தம்பி. லாரி வர்றது தெரியாம இருக்காது. எனக்கே தெரியுதுன்னா அவனுக்குத் தெரியாதா? கடிகாரத்து முள்ளப் பாக்குற கண்ணு அவனுக்கு.” கன்னியப்பன் பக்கம் திரும்பினார். “உன்ன எதுவும் செய்யமாட்டேன். அவன் அலேன்னுதான் சொன்னானா?”

கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதிலும் ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டால் ஒரு பெண் இன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிடுவாள். கன்னியப்பனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவருடைய தோளுக்குப் பின்னால், இருக்கையின் மூலையில், இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதுவும் காத்திருந்தது. இரு, இரு, இரு என்று இடைவிடாமல் கேட்டது, அழுகிற மாதிரி. அலுவலகம் நினைவுக்கு வந்தது. கமலாவின் முகம் வந்தது. கைவிலங்கு வந்தது.

“ஆமாண்ணே. அலேன்னுதான் சொன்னான்.”

குரல் நின்றது.

இருக்கையின் மூலையில் இப்போது வெறும் மூலைதான் இருந்தது. கிராம்பு வாசனை போய்விட்டது. ஒரு வருஷமாகத் தன் காதுக்குள் இருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டதாக கன்னியப்பன் உணர்ந்தான். நிம்மதியாக இருக்கவேண்டும். இல்லை. தொண்டையில் ஓர் இடம் காலியாக, குளிர்ச்சியாக இருந்தது. பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுவதுபோல எதையோ தேடினான்.

அன்வருதீன் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படிப் போயிருந்தாலும் தம்பி தம்பிதான் என்றார். மரத்தடியில் நின்று தம்பிக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வருவதாகச் சொன்னார். கதவைத் திறந்தார். வலது கதவு, நேராகச் சாலையில் திறந்தது.

கன்னியப்பன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

லாரி. விளக்கு இல்லை. ஏற்றத்துக்காக வேகம் பிடித்து வந்துகொண்டிருந்தது. இந்த வண்டியின் எஞ்சின் சத்தத்தில் அதன் சத்தம் அமுங்கிப் போயிருந்தது.

அன்வருதீன் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அந்தக் கதவுக்குக் கீல் பின்பக்கம்; திறந்த கதவு பின்னால் வருவதை அவருக்கு மறைத்தது. திரும்பி, கன்னியப்பனைக் கேட்டார்.

“பின்னால எதுனா வருதா தம்பி? எறங்கட்டா?”

இருங்க. அவ்வளவுதான் சொல்லவேண்டும். கன்னியப்பன் வாயைத் திறந்தான். அந்தச் சொல் அங்கே இல்லை. நாக்கு துழாவியது. இல்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு, முழு உயிரையும் சேர்த்துக் கத்தினான்.

“அலே.”

அவர் முகத்தில் நன்றி தெரிந்தது. இறங்கினார்.

கையை நீட்டினான். சட்டை விரலில் பட்டது. வழுக்கியது. அலே. அலே. அலே. நிறுத்த முடியவில்லை.

வண்டி ஒருமுறை குலுங்கியது.

வலது பக்கம் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் சாலை இருந்தது, தூறல் இருந்தது, தூரத்தில் புளியமரம் இருந்தது. சற்றுத் தள்ளி லாரி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் குதித்து ஓடி வந்து கீழே பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். பிறகு குனிந்து காருக்குள் பார்த்தான். பின்னால வண்டி வருதுன்னு அந்தப் பெரியவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டான்.

கன்னியப்பன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. உள்ளங்கைகளுக்கு அடியில் அவன் உதடுகள் அவனைக் கேட்காமல் அசைந்துகொண்டே இருந்தன, ஒரே சொல்லுக்கு, திரும்பத் திரும்ப.