சிவப்புத் தரை

ஹாலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கால் ஒட்டியது.

தங்கை பிரிசில்லாவின் அறை வாசலுக்கு முன்னால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. மழைக்காலத்தில் பாலிஷ் வியர்க்கும் என்பது ஆஞ்சலாவுக்குத் தெரியாததல்ல. காக்ஸ் டவுனின் இந்தப் பழைய வீட்டில், சிவப்புச் சிமெண்டுத் தரைக்குச் சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்தே அவள் குடித்தனம் ஓடியது. ஆனால் வியர்த்தால் தரை முழுவதும் வியர்க்க வேண்டும். இந்த இடம் மட்டும் வெறுங்காலைப் பிடித்துக்கொண்டு, மனமில்லாமல் விடுவதுபோல 'பிசுக்' என்று விட்டது. எறும்புகள் வேறு. துடைத்துவிட்டால் போய்விடும், மறுநாள் அதே இடத்தைத் தேடி வந்துவிடும். கொஞ்ச நாளாக அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"மழைக்கு அப்படித்தான் இருக்கும் ஆஞ்சி," என்றார் ஓஸ்வால்ட். அவர் சொன்னால் அவள் நம்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

தங்கை போனதையும் அவர் சொல்லித்தான் நம்பினாள். சிவாஜிநகர் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேறிய நாள் அது. முந்தின இரவு தலைவலிக்கு அவரே மாத்திரையும் சூடாகப் பாலும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது, தலை கல்லாகக் கனத்தது. அவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பிரிசி போயிட்டா ஆஞ்சி. விடியக்காலம் பையோட ஆட்டோல ஏறினா. கூப்பிட்டேன், திரும்பிக்கூட பாக்கல. எவனோ இருக்கான்னு நினைக்கறேன்."

கட்டிலிலேயே விழுந்து அழுதவளின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "அழுதுட்டே உக்காந்தா ஆச்சா? திருவிழாவுக்கு கோலார்லருந்து உன் சனம் எல்லாம் வரும். தரைய நானே துடைச்சு வெச்சுட்டேன், நீ பாலிஷ் மட்டும் போடு. கை வேலைல இருந்தா மனசு ஆறும். பிரிசி திருவிழாவுக்குள்ள வந்துடுவா பாரு."

ஓஸ்வால்ட் அதுவரை துடைப்பத்தைத் தொட்ட மனுஷன் அல்ல. அவ்வளவு துக்கத்திலும் அது அவளுக்கு இனித்தது. எனக்காகக் குனிந்து தரை துடைத்திருக்கிறாரே என்று நினைத்தாள்.

ஆண்டுதோறும் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் முட்டிபோட்டு ஆரம்பித்து நடு ஹாலில் தலை முட்டிக்கொள்வார்கள். "இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டா முட்டிதான் தேயும்க்கா," என்பாள் பிரிசில்லா. "வாக்கப்பட்டது நானா நீயா?" என்று ஆஞ்சலா கேட்பாள். இந்த வருஷம் இரண்டு மூலையும் அவளுக்கே. தங்கையின் அறை வாசலில் ஈரம் இன்னும் காயவில்லை. காய்ந்தபிறகு போடலாம் என்றாள். பரவாயில்லை போடு என்றார். போட்டாள். அழுத்தி, வலமிருந்து இடமாக, பிறைபிறையாகத் தேய்த்தாள். வீடு முழுக்க.

திருவிழா முடிந்தது. தேர் வந்து போனது. பிரிசில்லா வரவில்லை. பொம்மனஹள்ளிக்கு அப்பால் ஒரு கல்குவாரித் தண்ணீரில் கோணிப்பை ஒன்று மிதந்தது. அதற்குள் இருந்தாள்.

*

இன்று மத்தியானம் அவர்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நாகேஷ், தடய அறிவியல் அதிகாரி ஸ்ரீகண்டன், முகமூடி போட்ட இரண்டு பேர். ஸ்ரீகண்டன் தொம்மலூர்க்காரர், தமிழ்தான். வந்தவுடன் குனிந்து தரையைத்தான் பார்த்தார். உள்ளங்கையால் தடவினார், விரலை மோந்தார்.

"எதுக்கு சார் எங்க வீட்டுல?" என்று கேட்டார் ஓஸ்வால்ட். குரல் நிதானமாக இருந்தது. "அவ இங்கருந்து நல்லபடியாதான் போனா."

"உங்க மச்சினி நகத்துக்குள்ள சிவப்பு மெழுகு இருந்தது சார். கூடவே சிவப்பு சிமெண்டு தூள். பத்து விரல்லயும்." ஸ்ரீகண்டன் அதைத் தாழ்ந்த குரலில், ஆஞ்சலாவின் பக்கம் பார்க்காமல் சொன்னார். "இப்ப எல்லா வீட்டுலயும் டைல்ஸ். இந்தத் தரை எத்தனை வீட்டுல இருக்கு சொல்லுங்க."

பத்து விரலிலும். ஆஞ்சலா தன் நகங்களைப் பார்த்தாள். பாலிஷ் போட்ட பிறகு ஒரு வாரம் அந்தச் சிவப்பு அவள் நகக்கண்களிலும் இருக்கும். ஆனால் துணியால் தேய்ப்பவளின் நகத்தில் சிமெண்டு ஏறாது. தரையைப் பிறாண்டினால்தான் ஏறும்.

முகமூடிக்காரர்கள் பஞ்சை ஏதோ திரவத்தில் நனைத்து மெழுகைக் கழற்ற ஆரம்பித்தார்கள். வீடெல்லாம் டர்பன்டைன் நெடி. ஹால், பிரிசில்லாவின் அறை, பிறகு ஆஞ்சலாவும் ஓஸ்வால்டும் படுக்கும் அறை. பஞ்சுகள் சிவந்து சிவந்து கவருக்குள் போயின. பிறகு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி ஒட்டினார்கள். கதவிடுக்கில், வென்டிலேட்டரில், சாவித்துவாரத்தில்கூட. வெளியே வெயில், வண்டிச் சத்தம், இளநீர்க்காரன் குரல். உள்ளே ஒவ்வொரு கீற்றாக அணைந்து, பட்டப்பகலில் வீட்டுக்குள் ராத்திரி வந்தது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் ஸ்ரீகண்டன். "ஒரு மருந்து தெளிப்போம். ரத்தம் பட்ட இடம் கொஞ்ச நேரம் நீலமா தெரியும், அப்புறம் அணைஞ்சுடும். கழுவியிருந்தாலும் தெரியும். வேற சிலதுக்கும் தெரியும், அதனால அந்த இடத்துல எடுத்து லேப்ல பாத்துதான் சொல்லுவோம்."

"லைட் ஆஃப் மாடி," என்று கன்னடத்தில் விளக்கை அணைக்கச் சொன்னார் நாகேஷ்.

ஆஞ்சலா கையை நீட்டினாள். ஓஸ்வால்டின் கை அங்கே இருந்தது, பிடித்துக்கொண்டது. இதில் ஒன்றும் வரக்கூடாது மாதாவே என்று வேண்டினாள். தங்கை எங்கே செத்திருந்தாலும் சரி, இந்த வீட்டில் வேண்டாம். இந்த வீட்டில் என்றால், இங்கே இருந்தவர்கள் மூன்றே பேர்.

இருட்டில் காது கூர்மையானது. முகமூடிக்குள் மூச்சு. ஓடுகள் மேல் அணில். ஓஸ்வால்டின் காலுறை தரையில் உரசும் மெத்தென்ற சத்தம். வீட்டுக்குள்ளும் அவர் வெள்ளைக் காலுறை போட்டிருப்பார், படுக்கும்போதுதான் கழற்றுவார். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. சின்ன வயதில் கோலாரில் வண்டிச் சக்கரம் ஏறியது. அவர் வெட்கப்பட்டு மறைத்த அதைப் பெண்டாட்டி ஒருத்தியைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. பிரிசில்லாகூடக் கேலியாகக் கேட்டிருக்கிறாள், மாமாவுக்கு எப்பவும் குளிரா என்று.

பிறகு ஒருநாள் கேலியை நிறுத்தினாள். தன் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். "நம்ம வீட்டுல யாருடி திருடன்?" என்று ஆஞ்சலா சிரித்தாள். ஆசாரியைக் கூப்பிடுகிறேன் என்று ஓஸ்வால்ட் ஒவ்வொரு வாரமும் சொன்னார். ஆசாரி வரவேயில்லை.

ஸ்ஸ்ஸ்.

மருந்து தெளிக்கும் சத்தம். தரையிலிருந்து ஒரு நீலம் எழுந்தது. பிரிசில்லாவின் அறை வாசலில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. கால் ஒட்டிய இடம். எறும்பு வந்த இடம்.

ஸ்ஸ்ஸ்.

அதிலிருந்து நீலப் பிறைகள் விரிந்தன. வலமிருந்து இடமாக. ஒன்றன்மேல் ஒன்று ஏறி. அந்தக் கைவாகு ஆஞ்சலாவுக்குத் தெரியும். அவளுடையது. காயாத ஈரத்தின்மேல், போடு என்று அவர் சொல்ல, முட்டிபோட்டு, அழுதுகொண்டே, தங்கையைத் தேய்த்திருக்கிறாள். கணவன் கையை இறுகப் பற்றினாள்.

"யாரும்மா பாலிஷ் போட்டது? நீவேனா, நீங்களா?" இருட்டுக்குள் நாகேஷின் குரல்.

ஓஸ்வால்டின் கை அவள் கையிலிருந்து கழன்றது.

"அவதான் சார்." நிதானமான குரல். பலமுறை சொல்லிப் பார்த்த குரல். "நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல. முந்தின நாள் அக்கா தங்கச்சிக்குள்ள பெரிய சண்டை. நான் மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். பொண்டாட்டியாச்சேன்னுதான் இவ்வளவு நாள் சொல்லாம இருந்தேன் சார்."

மாத்திரை. அவள் வாயில் போட்ட மாத்திரையை அவர் தன் வாயில் போட்டுக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்ததோடு நிற்கவில்லை, மேய்ந்தது பயிர்தான் என்று சாட்சியும் சொல்லிற்று. எனக்காகக் குனிந்தாரே என்று அன்று இனித்தது இப்போது வாயெல்லாம் கசந்தது. பேச வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. தரையில் அவள் கைத்தடம் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. யார் நம்புவார்கள்?

"படுக்கற ரூம்," என்றார் ஸ்ரீகண்டன்.

எல்லோரும் நகர்ந்தார்கள். அவளும் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். ஓஸ்வால்ட் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் மூச்சு முதல்முறையாக மாறியது.

ஸ்ஸ்ஸ்.

காலடிகள். வெறுங்கால். சிவப்புத் தரையில் சிவப்பு தெரிந்திருக்காது. துடைத்தவர் கண்ணுக்குத் தப்பி, மெழுகுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கின்றன. வலது கால், ஐந்து விரல். இடது கால்.

நான்கு.

வலது. ஐந்து. இடது. நான்கு.

அந்தக் காலடிகள் கட்டில்வரை வந்திருந்தன. அவற்றுக்கு முன்னால் வேறு தடங்கள். கைகள். சின்னக் கைகள், விரல் விரித்து, தரையைப் பிறாண்டி, ஒன்றுக்கு முன் ஒன்றாக. தவழ்ந்து வந்த கைகள். கதவுக்குப் போகவில்லை. தெருவுக்குப் போகவில்லை. ஆஞ்சலா படுக்கும் பக்கத்துக்கு வந்திருந்தன.

"அக்காவைத்தான் தேடியிருக்கா," என்றது ஸ்ரீகண்டனின் குரல். அவருக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக.

ஸ்ஸ்ஸ்.

கட்டில் கால். அவள் தலையணைக்கு நேர் கீழே. மரத்தைச் சுற்றி ஐந்து விரல்கள். இறுகப் பிடித்த ஐந்து விரல்கள்.

மேலே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் ஆடியிருக்கும். அக்கா என்று கூப்பிட்டிருப்பாள். வாயைப் பொத்தியிருப்பான். அதற்குப் பிறகும் இத்தனை நாள் அந்தக் கட்டிலில், அந்த விரல்களுக்கு மேலே, அவன் தோளில் தலைவைத்து, தங்கைக்காக அழுதிருக்கிறாள்.

அவளுக்குக் குரல் வந்தது. "சார்."

"ஹேளம்மா, சொல்லுங்க."

"அவரோட இடது கால் சாக்ஸைக் கழட்டச் சொல்லுங்க."

தரையில் காலடிகள் மங்கின. கைகள் மங்கின. வாசற்படியில் காலுறை ஒரு முறை உரசியது, பின்பக்கமாக.

"ஓஸ்வால்ட். நில்லு அங்கயே," என்றார் நாகேஷ்.

தரை முழுவதும் இருண்டது. கட்டில் காலில் மட்டும் அந்த ஐந்து விரல்கள் அணையவில்லை. ஆஞ்சலா பார்த்துக்கொண்டேயிருந்தாள். சுண்டுவிரல் அணைந்தது. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. அணைவதுபோல் இல்லை. பிடியை விடுவதுபோல் இருந்தது.

கட்டைவிரலும் போனது. கும்மிருட்டு.

ஹாலில், ஒருவரும் இல்லாத ஹாலில், 'பிசுக்'.

வாசற்படியில் ஓஸ்வால்ட் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நின்றது. அப்புறம் ஒரு சத்தம். அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதேயில்லை.

"அங்க தெளிச்சியா?" என்றார் ஸ்ரீகண்டன்.

"இல்ல சார். பாட்டில் கீழதான் இருக்கு சார்."

வாசற்படியில், தரையோடு தரையாக, வெள்ளைக் காலுறையின்மேல், அவர் இடது கணுக்காலைச் சுற்றி, ஒவ்வொன்றாக ஐந்து நீல விரல்கள் எரிய ஆரம்பித்தன. இறுகப் பிடித்திருந்தன.