மைத்துனன் பிடித்த கயிறு

படகு கரையைவிட்டு நகர்ந்ததும் அழகன் திரும்பிப் பார்த்தான். மேட்டில் இருந்த வீடுகளில் அவன் வீட்டுக் கூரைமேல் மட்டும் புகை இல்லை.

அவன் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலைத்தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே நின்று பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். பங்காளிக்குப் பங்கின்மேல் ஒரு கண் இருக்கும். மச்சான் அப்படியில்லை. அக்காள் தாலியை அவனே அறுப்பானா? போனவன் திரும்பும்வரை வீட்டில் அவள் அடுப்பை அணையவிடாமல், அவ்வப்போது கொஞ்சம் குங்கிலியம் போட்டுக்கொண்டிருப்பாள். பாறையில் தொங்குகிறவன் மூக்குக்கு அந்த வாசனை எட்டினால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

இன்று தேனுக்குப் போகவில்லைதான். ஆனாலும் படகில் கயிறு கிடந்தது. பிடிக்க மைத்துனனும் இருந்தான்.

“ஒங்க அக்கா இன்னும் அடுப்பு பத்த வைக்கலையா மாப்ளே?”

பின்னால் உட்கார்ந்திருந்த மலைச்சாமி இரண்டு தரம் துடுப்பை வலித்த பிறகுதான் பதில் சொன்னான். “வெறகு ஈரமா இருந்திருக்கும் மச்சான். நேரா உக்காருங்க, படகு ஆடுது.”

விறகை நேற்றுச் சாயங்காலம் பிளந்து வீட்டுக்குள் அடுக்கியவன் அழகன்தான். முன்னால் திரும்பிக்கொண்டான்.

மலைச்சாமிக்குப் பெருமாள்மலைப் பக்கம் ஒரு சுற்றுலா முகாமில் வேலை. அங்கே வருகிறவர்கள் ஏறி விளையாடும் ஒடிசலான கேனோப் படகு ஒன்றை ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். தேடிப் போவது கல்லுவீட்டை. நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். எந்தக் காலத்து மனிதர்கள் யாருக்காக வைத்தார்களோ, அணை கட்டியபோது முழுகிவிட்டது. அது நின்ற இடத்தைத் தெரிந்தவர்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. பட்டா கேட்டு கொடைக்கானல் போனபோது அதிகாரி பழைய வரைபடத்தை விரித்து, உங்கள் எல்லைக்கு அடையாளம் இந்தக் கல்லுவீடுதான், அதை ஒரு போட்டோ எடுத்து வாருங்கள் என்றார். இந்த வருஷம் மழை பொய்த்து அணையின் மேல்கோடி வற்றிக் கிடந்தது. இப்போது விட்டால் பிறகு கிடைக்காது, போய்ப் பாருங்கள் என்று சொன்னவள் அவன் மனைவி ஒய்யம்மாள்.

அவளே சொன்னாள் என்பதுதான் அவனுக்குப் பெரிய விஷயம். போன வருஷம் இதே தண்ணீர் அவர்கள் மகள் முத்துலட்சுமியை எடுத்துக்கொண்டது. ஒரே பிள்ளை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒய்யம்மாள் அவனோடு பேசிய பேச்சை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவள் வாயைத் திறந்து “போயிட்டு வாங்க” என்றாள். பட்டாவெல்லாம் பிறகு. அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் எங்கே வேண்டுமானாலும் போயிருப்பான்.

தண்ணீர் மலையைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் ஊருக்குப் பின்பக்கத்துக்கே வந்து முடிகிறது. நடுவே செங்குத்துப் பாறை, அதனால் நடந்து வர வழியில்லை. மத்தியானம் தாண்டியபோது மேல்கோடியில் மூடுபனி இறங்கத் தொடங்கியது. அணைக்குள் செத்து நின்ற மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய்ச் சேர, அழுகிய இலையும் மீன் செதிலும் கலந்த நாற்றம் சேற்றிலிருந்து எழும்பி நாக்கில் ஒட்ட, துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தத்தைத் தவிர ஒரு தவளைச் சத்தம்கூட இல்லாமல் போனதை அழகன் கவனித்தான்.

“கல்லுவீட்டுல எதையும் கேக்கக்கூடாதுன்னு சொல்வாகளே, நெசமா மச்சான்?”

“கேட்டா குடுக்குமாம். குடுத்ததுக்கு ஈடா ஒரு உசுர வாங்கிக்கிடுமாம். சின்னப் பிள்ளைகளப் பயங்காட்டச் சொன்ன கத மாப்ளே.”

“அக்கா நம்புது.”

துடுப்பு நின்றது. முன்னால், சேற்றுத்திட்டின் நடுவில், அது இருந்தது. ஆள் உயரத்துக்குக் கறுப்பாக. பாசியும் சேறும் வழிய. இத்தனை காலம் காணாமல் போயிருந்த கல்லை மலைச்சாமி ஒரு தரம்கூடத் தேடி அலையாமல் நேராக வந்து சேர்ந்துவிட்டான். சந்தோஷத்தில் அழகனுக்கு அது உறைக்கவில்லை.

சேறு ஆளை விழுங்கும் சேறு. அழகன் படகிலிருந்து இறங்க எழுந்தான். மலைச்சாமி அவன் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து, முடிச்சை முதுகுப்பக்கம் போட்டு இறுக்கினான். ஈரம் ஏறிய நைலான் முடிச்சு கல்லாக இறுகியது.

“முன்னால கட்டுடா. அதான நம்ம வழக்கம்.”

“பின்னால இருந்தாத்தான் இழுக்கத் தோது. வெரசா போயிட்டு வாங்க மச்சான்.” அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

முழங்கால் வரை சேறு. நாலடி போய்க் கயிற்றை இரண்டு தரம் சுண்டினான். இருக்கிறாயா என்று அர்த்தம். பதிலுக்குக் கயிறு இரண்டு தரம் சுண்டியது. இருக்கிறேன். பனி அவனுக்கும் படகுக்கும் நடுவே இறங்கி மூடியது. மறுபடி சுண்டினான். மறுபடி பதில் வந்தது. மச்சான் பிடித்திருக்கிறான், பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான்.

கல்லுவீட்டின் முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. பெரிய ஆள் நுழைய முடியாது. பிள்ளை நுழையலாம். துளையின் விளிம்பில் மட்டும் பாசி தேய்ந்திருந்தது.

போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தவன் கீழே பார்த்தான்.

வாழையிலை. இன்னும் வாடாத வாழையிலை. அதன்மேல் மஞ்சள் பூசி மடித்து வைத்த ஒரு சட்டை. அவன் சட்டை. கொடியிலிருந்து காணாமல் போய்விட்டது என்று தேடிக்கொண்டிருந்தானே, அது. பக்கத்தில் ஒரு சின்ன பாவாடை, புதுசு, கடைத் துணியின் வாடைகூடப் போகாதது. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த கிழிசல் ஒய்யம்மாள் சேலை.

பாவாடை, கேட்டதற்கு. சட்டை, ஈடாகக் கொடுப்பதற்கு.

“மாப்ளே!”

துடுப்புச் சத்தம். தூரமாகப் போகும் துடுப்புச் சத்தம்.

“மலைச்சாமி! ஏலே!”

“அக்கா தெனமும் அழுதுச்சு மச்சான்.” அழுகையில் உடைந்த குரல். “எனக்கு வேற வழி தெரியல.”

அழகனுக்குச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. கோபம் வரவில்லை. நெஞ்சு முழுக்க ஒரே ஒரு கேள்விதான். என்னைக் கேட்டிருக்கக் கூடாதா ஒய்யா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வந்து நின்றிருப்பேனே. என் பிள்ளைக்கு நான் வரமாட்டேனா? மச்சான் கயிறு என்று நம்பவைத்து அனுப்பினாயே.

அப்போது வாசனை வந்தது. குங்கிலியம். பாறைக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டில் அடுப்பு பற்றிவிட்டது. அவனுக்காக அல்ல.

காற்றில் பனி கொஞ்சம் விலகியது. படகு தெரிந்தது. பின்னால் மலைச்சாமி, குனிந்து வலித்துக்கொண்டு. முன்னால், அழகன் உட்கார்ந்து வந்த இடத்தில், ஒரு சின்ன முதுகு. நனைந்து ஒட்டிய முடி. முத்துலட்சுமியின் முடி. அவனை மீறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. சரி. போகட்டும். பிள்ளை வீட்டுக்குப் போகட்டும்.

பிறகு படகைப் பார்த்தான்.

அவன் உட்கார்ந்திருந்தபோது படகின் முன்பக்கம் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் நின்றது. இப்போது விளிம்பு வரை முழுகியிருந்தது. பின்பக்கம் எழும்பியிருந்தது. அது பிள்ளையின் கனம் இல்லை. எந்த மனிதனின் கனமும் இல்லை.

“மாப்ளே, அது அவ இல்லடா! வீட்டுக்குக் கொண்டு போகாத!”

மலைச்சாமி திரும்பவில்லை. கத்திக் கத்தி அழகனின் தொண்டை கட்டியது. படகு மெல்ல, ரொம்ப மெல்ல, குங்கிலியம் புகையும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் போயிற்று.

கையைப் பின்னால் விட்டு முடிச்சைத் தேடினான். எட்டவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தான். தொய்வாக வர வேண்டும். வரவில்லை. கையால் தடவிக்கொண்டே போனான். கயிறு தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. சேற்றில் வளைந்து, கல்லைச் சுற்றி, துளைக்குள் போயிருந்தது.

உள்ளே இருட்டு.

இரண்டு தரம் சுண்டியது. மெதுவாக. சின்னக் கை சுண்டுவதுபோல்.