தலைமையாசிரியைக்கு வந்த பார்சல்

மானத்தின் விலை அன்றைக்கு ஒரு பார்சலின் தபால் செலவுதான். ஸ்டுடியோக்காரர் அனுப்பியது ஆசிரியைகளின் குழுப்படங்கள். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை கயிற்றைக் கத்தரித்துப் பிரித்தபோது உள்ளே இருந்தவை துணியில்லாத படங்கள். தபாலில் ஆபாசம் அனுப்பினால் சிறை என்கிறது சட்டம்.

“நாளைக்குக் கைது பண்ணிடுவாங்களாம் சார். வீட்டுக்காரி முகம் குடுத்துப் பேசல,” என்று தபால் விசாரணை அதிகாரியின் முன் கைபிசைந்தார் ஸ்டுடியோக்காரர்.

பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் தபால் குமாஸ்தா உதவிக்கு வந்திருந்தான். “பாவம் சார், பொய் சொல்ற முகமா இது?” என்று முந்திக்கொண்டான்.

அதிகாரி பார்சலைத் தராசில் வைத்தார். “ஒட்டியிருக்கிற தபால்தலை இதைவிட ரெண்டு மடங்கு எடைக்கு. அவ்வளவு தாராளமா நீங்க?”

“டீக்கே கணக்குப் பாக்கிறவன் சார் நான்! அட்டையில ஒட்டின படம், நல்ல கனம். கவுண்டர்ல எடை போட்டுத்தான் தபால்தலை குடுத்தாங்க.”

“அப்போ சரக்கு மாறினது கவுண்டரைத் தாண்டித்தான். இந்தத் துணியில்லாத படத்தை வரவழைச்சவன் ஏன் புகார் குடுக்கல?”

“எந்த வாயால சார் குடுப்பான்? திருடனுக்குத் தேள் கொட்டின கதை!” என்றான் குமாஸ்தா உற்சாகமாக.

“ஆமா. ஆசையா பிரிச்சவனை டீச்சரம்மா எல்லாரும் முறைச்சிருப்பாங்க.” அதிகாரி சிரித்தார். “தம்பி, இதை மறுபடி கட்டு.”

குமாஸ்தாவின் விரல்கள் பழக்கத்தில் ஓடின. இரட்டைச் சுற்று, நுனி உள்ளே சொருகல். அதிகாரி, தலைமையாசிரியை கொடுத்திருந்த பழைய கயிற்றைப் பக்கத்தில் வைத்தார். முடிச்சு அவிழாமல் இருந்தது. அதுவும் இரட்டைச் சுற்று; நுனி உள்ளே.

“நான் பூமுடிச்சுதான் போட்டேன்,” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“தபால் பைக்குள்ள சிக்கக்கூடாதுன்னு நுனியைச் சொருகறது பார்சல் மேஜை வழக்கம். அந்த மேஜை இவனோடது. ரெண்டு பார்சலையும் ஒண்ணா பிரிச்சிருக்கான். ஆள் வர்ற சத்தம் கேட்டு மாத்தி வெச்சுக் கட்டிட்டான்.”

குமாஸ்தா தலை குனிந்தான். “ஓரம் கிழிஞ்சு படம் தெரிஞ்சுது சார். பாக்காம இருக்க முடியல. ஸ்டுடியோ பார்சல்லயும் அப்படித்தான் இருக்கும்னு அதையும் பிரிச்சேன். என் பேரு வராம இவரைக் காப்பாத்திடலாம்னு பாத்தேன். அந்த இன்னொரு பார்சலோட விலாசம் ஞாபகமிருக்கு, சொல்லிடறேன்.”

ஸ்டுடியோக்காரர் கதவருகே நின்றார். “எனக்காகப் பேசினது நீ ஒருத்தன்தான் தம்பி. போறப்போ உனக்கு ஒரு கும்பிடு போடணும்னு இருந்தேன்.” போடாமலே போனார்.

அவர் வரவில் விடுதலை. இவன் செலவில் வேலையும் சிறையும். கூட்டிப் பார்த்தால் கணக்கு நேர்தான். அந்தக் கும்பிடு மட்டும் நிலுவை.