மண் செய்யும் வாளி

"செத்த எலிதான். சந்தேகமே வேணாம்."

"எலி இல்ல மாமா."

"அப்ப பெருச்சாளி."

"அதுவும் இல்ல. என் வாளி."

வாசலில் நின்ற தச்சர் மூக்கைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே அவளைப் பார்த்தார். அவருடைய பட்டறை கீழே, இவர்கள் வீட்டு பால்கனிக்கு நேர் அடியில் இருந்தது.

"வாளியா? அதுக்குள்ள என்ன வளர்க்கிற? முதலையா?"

"மண்ணு செய்யறேன்."

தச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பதற்காக மூக்கை விட்டார். உடனே மறுபடி பிடித்துக்கொண்டார்.

"நாற்காலி வாங்க வர்றவங்க வாசலோட திரும்பிப் போறாங்கம்மா. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் நாறுச்சுன்னா, நானே வாளியைத் தூக்கிட்டுப் போயி தெருமுனைத் தொட்டியில கொட்டிடுவேன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

அவளுக்குப் பத்து வயது. எந்நேரமும் எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். அதனால் அம்மா அவளைக் 'கேள்விக்குறி' என்றுதான் கூப்பிடுவார்.

அவர்கள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. சுற்றிலும் சிமெண்டுத் தரை. ஒரு பிடி மண் வேண்டுமென்றால்கூட மூன்று தெரு தாண்டிப் பூங்காவுக்குப் போக வேண்டும். அதனால்தான் அவள் ஒரு பழைய பெயின்ட் வாளியின் பக்கங்களில் ஓட்டைகள் போட்டு, காய்கறித் தோல்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். மண்ணே இல்லாத வீட்டில் தன் கையால் மண் செய்யப் போகிறோம் என்று நினைக்கும்போதெல்லாம், ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதுபோல் அவளுக்கு இருக்கும்.

இரண்டு வாரம் வாளி சமர்த்தாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் அது நாற ஆரம்பித்தது.

தச்சர் போனதும் அவள் வாளியைத் திறந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. மேலே உருளைக்கிழங்குத் தோல்கள் கிடந்தன. நேற்று சமையலறையில் பார்த்தபோது அவற்றில் மண் அப்பியிருந்தது. இப்போதோ பல் தேய்த்து முகம் கழுவி வந்ததுபோல் பளிச்சென்று இருந்தன.

யார் செய்தது?

சாயங்காலம் விடை கிடைத்தது. அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடையில் போன வாரம்தான் அவருக்கு மாலை நேர வேலை கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து சமையல் அப்பாவின் பொறுப்பு. அவள் எட்டிப் பார்த்தபோது, அப்பா ஒரு பாத்திரத்தில் கேரட் தோலைப் போட்டு அலசிக்கொண்டிருந்தார்.

அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். அவர் கையில் எது கிடைத்தாலும் கழுவாமல் விடமாட்டார். காலிப் பால் பாக்கெட்டுகள் அலசப்பட்டு, கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டு வரிசையாகத் தொங்கும். "உங்க வீட்டு பாட்டில்ல அப்படியே தண்ணி குடிக்கலாம் சார்" என்று பழைய பொருள் வாங்குபவர் சொன்னதை அப்பா இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன செய்யறீங்க?"

"உன் வாளிக்குத்தாம்மா. நாறக் கூடாதுல்ல? இத்தனை நாளா ரெண்டு தண்ணியில அலசினேன். தச்சர் வந்து கத்திட்டுப் போனாரே, அதான் இன்னிக்கு மூணு தண்ணி. நாளைக்கு வேணா கொஞ்சம் சோப்பு..."

"அப்பா!"

கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முழங்கைவரை மடித்துவிட்ட சட்டையோடு, ஒவ்வொரு தோலாகத் திருப்பித் திருப்பிக் கழுவும் அப்பாவைப் பார்த்ததும் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. பகலெல்லாம் கடையில் துவைத்துவிட்டு, அவளுக்காக இதையும் ஒரு வாரமாகச் செய்திருக்கிறார்.

அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள், "அப்பா, கடையில ஈரத்துணிய அப்படியே மூட்டை கட்டி வச்சா என்ன ஆகும்?"

"ஐயையோ! மறுநாளே நாறிடும். உள்ள காத்தே போகாதே. ஈரமும் போகாது. அப்புறம்..."

அப்பா நிறுத்தினார். கையிலிருந்த தோலைப் பார்த்தார். சொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"அடடா! நாத்தத்தைத் தண்ணி ஊத்தி வளர்த்ததே நான்தானா?"

"கொஞ்சூண்டு" என்றாள் அவள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"துணின்னா உதறிக் காயப்போடலாம். இதை என்ன பண்றது?" என்றார் அப்பா.

"காஞ்சது எதையாவது கலக்கணும். அது ஈரத்தைக் குடிச்சுக்கணும். நடுவுல காத்தும் போகணும்."

கீழே வாள் 'கர்ர்' என்று இழுபடும் சத்தம் கேட்டது. அவள் பால்கனியிலிருந்து குனிந்து பார்த்தாள். பட்டறை வாசலில் மூட்டை மூட்டையாக மரத்தூள்! அப்பாவை இழுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

"மரத்தூளா?" என்று தச்சர் புருவத்தை உயர்த்தினார். "எதுக்கு? நாத்தத்துக்குப் பவுடர் பூசப் போறியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா. ஆனா பெயின்ட் அடிச்ச மரத்தோட தூள் வேணாம். பசை கலந்ததும் வேணாம். வெறும் மரம்."

"வாடிக்கைக்காரங்ககூட இவ்வளவு கெடுபிடி பண்றதில்ல." அவர் ஒரு மூட்டையை நகர்த்தி வைத்தார். "ஆமா, வாளி எப்படித் திடீர்னு இப்படி ஆச்சு? யாரு பண்ணின வேலை?"

பின்னால் நின்ற அப்பாவின் காது சிவந்தது.

"ஈரம் கூடிப்போச்சு மாமா" என்றாள் அவள். "எங்க வீட்ல எல்லாமே கொஞ்சம் அதிக சுத்தம்."

அப்பா இருமினார். மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மடமடவென்று படியேறிவிட்டார்.

மறுநாள் காலை பால்கனியில் விரிப்பைப் போட்டு வாளியைக் கவிழ்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் அவளும் மூக்கில் ஆளுக்கொரு துணிக் கிளிப் மாட்டியிருந்தார்கள். அம்மா ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. கிளிப்பைக் கழற்றிச் சொல்லவும் அவருக்குத் துணிவில்லை.

கேள்விக்குறி மரத்தூளை அள்ளிப் போட்டுப் பிசறினாள். பிழிந்து பார்த்தாள். சொட்டியது. இன்னும் தூள் போட்டாள். கடைசியில், பிழிந்தால் கை ஈரமானது. ஆனால் ஒரு சொட்டும் விழவில்லை. அந்தப் பதத்தில் வாளியை நிரப்பினாள். அன்றிலிருந்து புதிய தோலைப் போடும்போதெல்லாம் மேலே தூளைத் தூவி மூடினாள். காலையும் மாலையும் குச்சியால் கிளறினாள்.

வியாழக்கிழமை நாற்றம் பாதியானது. வெள்ளிக்கிழமை அம்மா கிளிப் இல்லாமலே பால்கனியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

சனிக்கிழமை தச்சர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் நின்று மோந்து பார்த்தார். பால்கனிக்கு வந்து, அங்கிருந்த எதன்மேலோ உட்கார்ந்துகொண்டு நாலாபக்கமும் மோந்து பார்த்தார்.

"வாளி எங்க? எங்கயாவது ஒளிச்சு வச்சுட்டியா?"

"நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க மாமா."

அவர் துள்ளி எழுந்தார். பிறகு மூடியைத் தூக்கி, மூக்கை உள்ளே கொண்டுபோனார். மழை விட்ட காட்டுக்குள் நுழைந்ததுபோல் ஒரு வாசனை வந்தது.

"என் மரத்தூளாக்கும்!" என்றார் பெருமையாக. கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "வாராவாரம் ஒரு மூட்டை உனக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

அவர் போனபின் அவள் வாளிக்குள் கையை விட்டாள். உள்ளே லேசான சூடு இருந்தது. ஒரு பிடி அள்ளினாள். எது தோல், எது தூள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி சில கறுப்புத் துணுக்குகள் அவள் உள்ளங்கையில் கிடந்தன.

"அப்பா, வேலை நடக்குது! மண்ணு வருது!"

சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படவிடாத அப்பா, அவள் கிளறும்போதெல்லாம் வாளிக்கு மூன்றடி தள்ளியே நின்றவர், மெல்லக் கிட்டே வந்தார். தரையில் மண்டியிட்டார். அந்தக் கறுப்புத் துணுக்குகளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாளியோரம் கிடந்த கிளறும் குச்சியை நோக்கிக் கையை நீட்டினார்.

"தண்ணி பக்கமே போகமாட்டேன், சத்தியமா. ஒரே ஒரு தடவை நான் கிளறட்டுமா?"