எட்டாம் கட்டிலின் லேப்டாப்

நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. பழைய லேப்டாப் நான்குக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தர வேண்டும். நோயாளிகள் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைத் திரையிலாவது பார்க்கட்டும் என்று யாரோ கொடுத்தவையும், இல்லத்திலேயே கிடந்தவையும். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. உள்ளே கிடக்கும் எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை எல்லாம் எனக்குப் பழகிப்போனவை.

தலைமை நர்ஸ் காலியாக இருந்த ஓர் அறையைத் திறந்துவிட்டார்.

"இங்க உக்காந்து பாரும்மா. தொந்தரவு இருக்காது."

ஓர் இரும்புக் கட்டில், ஒரு மேசை. ஃபினாயில் நெடிக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை.

மூன்று லேப்டாப்கள் தகராறு செய்யாமல் முடிந்தன. எல்லாமே இரண்டு ஜிபி மெமரி. பகட்டான லினக்ஸைப் போட்டால் மூச்சு வாங்கும். அதனால் லுபுண்டு என்ற எளிய லினக்ஸைத்தான் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன். நோஞ்சான் மெஷினிலும் அது ஓடும்.

நான்காவதைத் தூக்கினேன். அடிப்பக்கம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சில் மஞ்சளாக ஏதோ இழுபட்டு வந்தது. கீபோர்டின் இடுக்குகளில் தவிடு மாதிரி தோல் செதில்கள். ஒரு பொத்தானை நெம்பி எடுத்தேன். அடியில் ஒரு நகம். வெட்டிய துண்டு அல்ல. வேரோடு கழன்ற முழு நகம்.

வாசலில் எட்டிப் பார்த்த தலைமை நர்ஸிடம் நகத்தைக் காட்டினேன்.

"யாரோடது சிஸ்டர் இது?"

"எட்டாம் கட்டில்காரரோடது. தபால்காரரா இருந்தவரு. பக்கவாதத்துல பேச்சு போயிடுச்சு. ஒத்தை விரலால இதுல தட்டித்தான் எது வேணும்னாலும் கேப்பாரு. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் அழிச்சிடும்மா. ஒண்ணும் மிச்சம் வேணாம்."

பென் டிரைவைச் செருகினேன். உள்ளே ஃபேன் சுழன்றது. சூடான காற்று வரவில்லை. ஈரமாக வந்தது, சீழ் வாடையோடு.

லுபுண்டு வரிசையாகக் கேட்டது: மொழி, ஊர், அடுத்தது கீபோர்டு. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். தட்டிப் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். நான் எதையும் தொடவில்லை.

ஓர் எழுத்து விழுந்தது. தமிழில்.

சற்று நின்று, இன்னொன்று. ஒற்றை விரல் தட்டுகிற வேகம்.

திருப்பிப் போடுங்க.

பழைய கீபோர்டு தானாக அழுந்துவது உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழித்தேன்.

முதுகு அழுகுது. திருப்பிப் போடுங்க.

பென் டிரைவைப் பிடுங்கினேன். வயரை, பேட்டரியை உருவினேன். ஹார்டு டிஸ்க்கையும் கழற்றினேன்.

திரை அணையவில்லை.

என் தோளுக்குப் பின்னால் நர்ஸ் நின்றிருந்தார். வாய்விட்டுப் படித்தார். பிறகு கிசுகிசுத்தார்.

"படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பணும்மா. ஆளு பத்தல. இவரு தட்டிக்கிட்டே இருப்பாரு. அந்தச் சத்தம் தாங்காம நான்தான் இதை மூடி எடுத்து வெச்சிட்டேன். மூணு நாள்."

"அப்புறம்?"

"தூக்கினோம். தோலு விரிப்போடயே நின்னுடுச்சு. இந்தக் கட்டில்லதான்."

ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது, நர்ஸ் அந்த லேப்டாப்பை ஆளைத் தாங்குவதுபோல இரு கைகளாலும் தாங்கி, கட்டிலில் குப்புறக் கிடத்திக்கொண்டிருந்தார். நான் துடைத்த அடிப்பக்கம் மறுபடி நனைந்திருந்தது. நடுவில் பிளாஸ்டிக் குழிந்து, இளஞ்சிவப்பாக, மெல்ல ஏறி இறங்கியது.

அவர் பஞ்சை எடுத்து ஓரத்திலிருந்து ஒற்றினார்.

"ஆச்சு ஐயா. இதோ, ஆச்சு."

திரையின் வெளிச்சம் விரிப்புக்குள் அடங்கியது.

மற்ற மூன்றையும் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். கையை எத்தனை முறை கழுவினேன் என்று கணக்கில்லை.

நான்காம் நாள் நர்ஸ் போன் செய்தார்.

"அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க சிஸ்டர்!" என்று, அவர் வாயைத் திறக்கும் முன்பே கத்தினேன்.

"அறையைப் பூட்டி வெச்சு, நேரம் தவறாம நான்தான் திருப்பி வெச்சிட்டு இருந்தேம்மா. இன்னிக்கு டியூட்டிக்கு வரக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. திறந்து பார்த்தா, அதுவே ஒருக்களிச்சுப் படுத்திருக்கு."