பாத்தி சிவந்த வருஷம்

"யோவ் முனிரத்தினம், என் பாத்தியில என்னத்தக் கொட்டின?"

"கொட்ட என்கிட்ட என்னம்மா இருக்கு? என் எருக்குழியத்தான் மூட வச்சிட்டியே."

"அந்தக் கோவத்துலதான் விஷத்தைக் கொட்டியிருக்க."

சுவருக்கு இந்தப் பக்கம் வேதவல்லி, காலணி ஆலையில் மேற்பார்வையாளர், கணவனை இழந்தவள். அந்தப் பக்கம் முனிரத்தினம், ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். அவளுக்கு மேட்டுப்புறத்து வீட்டில் இருக்கும் நாங்கள், காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். குழி நாறுகிறதென்று போன வருஷம் நகராட்சியில் புகார் கொடுத்தது வேதவல்லிதான்.

தோல் தொழிற்சாலைகள் மூடி ஒரு தலைமுறை ஆகியும் எங்கள் ஊர் மண்ணைவிட்டு அவை கொட்டிய குரோமிய விஷம் போகவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு மண்நாக்கு. பாத்தியில் செருகிய கம்பி. மண்ணை ருசி பார்த்து, நல்லதென்றால் பச்சையாகவும் விஷமென்றால் சிவப்பாகவும் எரியும்; கேட்டால் பதிலும் சொல்லும். வாங்கியது ஜாக்கிரதைக்கு, உதவுவது பக்கத்து வீட்டைக் குற்றம் சொல்ல. தை பிறந்தும் சிவப்பாகவே இருந்தால் நகராட்சி பாத்தியில் சிமெண்ட் ஊற்றிவிடும். இப்போது சிவந்திருக்கும் வேதவல்லியின் பாத்தியில் ஒரு பசலைக்கொடி உண்டு. வேலை விட்டு வந்ததும் அதோடு பேசுவாள். கேட்டிருக்கிறோம்.

"யார் கொட்டினதுன்னு நீயே சொல்லு," என்று மண்நாக்கை அதட்டினாள்.

"மொத்தக் குரோமியம் மாறவில்லை. அவிழ்ந்த குரோமியம் கூடியிருக்கிறது. மக்கிய எரு குறைந்திருக்கிறது," என்றது அது.

"அவிழ்ந்ததுன்னா?"

முனிரத்தினம் தரையைப் பார்த்துச் சொன்னார். "எரு உலோகத்தை அழிக்காதும்மா. வேருக்கு விடாம இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கும். எரு கரைஞ்சுபோனா பிடி விட்டுடும். திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கணும்."

"நான் ஒருநாளும் எரு போட்டதில்லையே."

எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப இத்தனை வருஷமா யாரு போட்டா?" என்று துணிக்கொடியிலிருந்தே கேட்டோம்.

"நீ ஆலைக்குப் போனதும் ரெண்டு கூடை," என்றார் அவளிடம். "நீ அந்தக் கொடிகூடப் பேசறது இங்க கேக்கும். அது பட்டுப்போனா யார்கூடப் பேசுவே?"

வேதவல்லி விறுவிறுவென்று உள்ளே போனாள். மறுநாள் புகாரைத் திரும்பப் பெற்றாள். மூக்கைப் பொத்தாமல், காய்கறித் தோலோடு அவர் குழிக்கு நடந்தாள். குழியில் மூடிக்கிடந்த பழைய எருவை இருவருமே அள்ளி அவள் பாத்தியில் போட்டார்கள். மார்கழி முடிவதற்குள் மண்நாக்கு பச்சையானது.

தையில் கல்யாணம். பாயசம் சுமார்தான். பிறகு அவளுக்கு மாற்றல் வந்து, பசலைக்கொடியைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிருஷ்ணகிரிப் பக்கம் குடிபோனார்கள்.

அடுத்த ஐப்பசியில் எங்கள் மண்நாக்கு சிவந்தது. குரோமியம் அதே அளவு, எரு குறைவு. மனிதர் எங்களுக்கும் போட்டிருக்கிறார்! எங்கள்மேல் பிரியம் என்று நினைக்க ஆசைதான். ஆனால் மழை பெய்தால் மேட்டிலிருக்கும் எங்கள் பாத்தித் தண்ணீர் அவள் பாத்திக்குத்தான் ஓடும்.