இரண்டு தட்டு

இரண்டு தட்டும் வழக்கம்போலத்தான் வந்தன. ஆனால் அவள் அப்போது குனிந்து, அடுத்த கட்டையைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள்.

தற்செயலாக எட்டிப் பார்த்ததால் அவன் கைப்பிடியை இழுக்கவில்லை. மூன்று வாரமாக அவர்கள் வேலை செய்கிற முறை இதுதான்: மனைவி கட்டையை மெஷினின் இரும்புப் பீமின் மேல் வைப்பாள், கையை விலக்குவாள், ஸ்பேனரால் பீமில் இரண்டு முறை தட்டுவாள். இருவரும் காதடைப்பான் மாட்டியிருப்பதால் இன்ஜின் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. கட்டையின் பருமன் மறைப்பதால் அவள் கையும் அவனுக்குத் தெரியாது. ஆனால் மறுகோடியில் கைப்பிடியைப் பிடித்து நிற்கிற அவன் உள்ளங்கைக்கு இரும்பு வழியாகவே அது வந்து சேர்ந்துவிடும். டொக், டொக். வந்ததும் இழுப்பான்.

விறகு பிளக்கும் அந்த மெஷினை அவனே கட்டினான். வெளியில் லேத் பட்டறை வேலை, வீட்டில் இந்த வேலை என்று இரண்டு மாதம் கொட்டகையே கதியாகக் கிடந்தான். பழைய இரும்புக் கடையில் கிடைத்த இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். இன்ஜின் ஒரு பெல்ட் வழியாக அவற்றைச் சுழற்றி வேகம் ஏற்றிவிடும். கைப்பிடியை ஒரு சாண் இழுத்தால் பல்சக்கரம் கவ்வி, சேர்த்துவைத்த வேகம் அத்தனையும் தள்ளுதண்டில் இறங்கும். கட்டை எதிரே உள்ள ஆப்பில் மோதி இரண்டாகும். எல்லாம் ஒரு விநாடி. கடையில் விற்கிற மெஷின்களுக்குக் கைப்பிடி இரண்டு, இழுப்பவரின் இரண்டு கையும் அதிலேயே இருக்கட்டும் என்று. ஒருவர் மட்டுமே நிற்க வேண்டும் என்று அவற்றின் மேல் எழுதியும் இருக்கும். பயந்தாங்கொள்ளிகளுக்கான ஏற்பாடு என்று இவன் சிரித்தான். ஒருவர் வைத்து ஒருவர் இழுத்தால் பாதி நேரத்தில் முடியுமே! ஒரே கைப்பிடி வைத்தான்.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டான். "இப்ப நீ தட்டுனியா?"

"ரெண்டு கையாலயும் கட்டையத் தூக்கிட்டிருந்தேன். எனக்கென்ன மூணு கையா?"

அவனும் சிரித்துவைத்தான். அவள் தையல்காரி. ஊசியில் நூல் கோக்க அவளுக்கு வெளிச்சம்கூட வேண்டாம், விரல்களே பார்த்துக்கொள்ளும். அந்த விரல்கள் இத்தனை நாளும் அவனுடைய ஓர் இழுப்பு தூரத்தில் இருந்தன என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இனிமே மூணு தட்டு தட்டு," என்றான்.

நான்கு கட்டைகள் ஒழுங்காகப் பிளந்தன. ஐந்தாவதற்கு மூன்று தட்டு வந்தது, நிதானமாக, அவள் தட்டுகிற அதே கனத்தில். எட்டிப் பார்த்தான். அவள் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முடிச்சு இல்லாத பக்கத்தை ஆப்புக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் அவள் காலடியில் மரத்தூளில் கிடந்தது. அவன் இன்ஜினை நிறுத்தினான்.

"நீ உள்ள போ. மிச்சத்தை நானே பார்த்துக்கறேன்."

"என்னாச்சு உங்களுக்கு?"

"போன்னா போயேன்!"

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். சற்று நேரத்தில் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்து, தையல் மெஷின் முன் குனிந்த அவள் தலை தெரிந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஈரமரத்தின் புளித்த வாசனையும், சூடான எண்ணெயின் வாசனையும், பெல்ட் உராய்ந்து கருகுகிற வாசனையும் ஒன்றாகக் கலந்து கொட்டகைக்குள் நின்றன. மறுபடி இன்ஜினைக் கிளப்பி, தானே ஒரு முடிச்சுக் கட்டையை எடுத்து வைத்தான். சுற்றிக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்தான். இழுக்கவில்லை. பார்க்கலாம் என்று நின்றான்.

டொக், டொக்.

அவன் கை இழுத்தது.

அவன் நினைக்கவில்லை. கைதான் இழுத்தது. கட்டை பாதி பிளந்து, முடிச்சில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றது. ஜன்னலில் அவள் தலை அசையாமல் இருந்தது. இன்ஜினை அணைத்தான், பெல்ட்டைக் கழற்றினான், மண்டியிட்டுப் பீமுக்கு அடியில் கைவிட்டுத் தடவினான். அவனே வெல்டிங் வைத்த இரும்பு. வேறொன்றும் இல்லை. சக்கரங்கள் ஓய எப்போதும் நான்கு நிமிடம் ஆகும். நான்கு நிமிடமும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றுவிட்டன. ஒன்றைக் காலால் உதைத்தும் பார்த்தான்.

சமையலறை மேசைமேல் பெல்ட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" அவள் அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"மெஷின் வேண்டாம். நாளைக்கே பிரிச்சுப் போட்டுடறேன். கோடாலியே போதும்."

"ரெண்டு மாசமா தலைகால் புரியாம ஆடினீங்களே, அவ்வளவுதானா?" கூடையை எடுத்துக்கொண்டாள். "விறகு தீர்ந்துபோச்சு. ரெண்டு துண்டு எடுத்துட்டு வரேன்."

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. பெல்ட் கண்ணெதிரே கிடந்தது. பெல்ட் இல்லாமல், இன்ஜின் இல்லாமல், நின்றுபோன சக்கரம் என்ன செய்துவிடும்? சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கதவு சாத்திக்கொண்டது. முற்றத்துச் சரளையில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

வலது கை மேசைமேல் இருந்தது. உள்ளங்கை மரத்தில் படிந்திருந்தது.

டொக், டொக்.

மரத்தின் வழியாக. நேராக உள்ளங்கைக்குள்.

விரல்கள் மடங்கின, கைப்பிடியின் பருமனுக்கு. இடது கையால் வலது மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தான். "தொடாதே! எதையும் தொடாதே!" என்று வீடு அதிரக் கத்தினான்.

"என்னங்க?" கொட்டகையிலிருந்து அவள் குரல், சாவகாசமாக. "ஒரு கட்டை மெஷின்லயே மாட்டிட்டு இருக்கு. அதையும் உருவிட்டு வரேன்!"

எழுந்து ஓடப் பார்த்தான். கை வரவில்லை. மேசையோடு சேர்த்து முடுக்கிவிட்டதுபோல் இருந்த இடத்திலேயே இருந்தது. மேசையில் காலை ஊன்றிக் கையை இழுத்தான். நகங்கள் மணிக்கட்டில் இறங்கின. ரத்தம் வந்தது. வலியே இல்லை. அது தன் கைதானா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

வெளியே, மிக மெதுவாக, ஒரு முனகல். கனமான ஒன்று சுற்றத் தொடங்கும் முனகல். அவன் பழகிய சத்தம்.

கை நகர்ந்தது.

அவனை நோக்கி. ஒரு விரற்கடை. இன்னொன்று. கைப்பிடிக்கு ஒரு சாண் இழுப்பு. அவனே அளந்து வைத்த ஒரு சாண். இடது கை வழுக்கியது. பல்லால் கடித்தான். இன்னும் ஒரு விரற்கடை. இன்னும்.

கை நெஞ்சில் வந்து முட்டியது.

கொட்டகையில் ஒரே ஓர் அடி விழுந்தது. அலறல் இல்லை. அதன்பின் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு செருப்புச் சத்தம், போனபோது இருந்த அதே நடையில், சரளைமேல் திரும்பி வந்தது.

கதவு திறந்தது. அவள் நின்றாள். கூடை இல்லை. வேலைக்கு மாட்டியிருந்த முழுக்கைச் சட்டையின் வலது கை முழங்கைக்குக் கீழே தட்டையாகத் தொங்கியது. அதன் நுனியிலிருந்து வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் வலி தெரியவில்லை. சின்ன வருத்தம்தான் இருந்தது, அவன் ஏதோ வாக்குத் தவறிவிட்டதுபோல.

"நான் தட்டவே இல்லையேங்க," என்றாள். "ஏன் இழுத்தீங்க?"

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை நெஞ்சிலிருந்து இறங்கி, மேசைமேல் ஒரு சாண் முன்னே போய், விரல்களை மடக்கிக்கொண்டு காத்திருந்தது.